பேச்சியக்கா வாங்கிய டெலஸ்கோப்

செம்பூரில் நான் குடியிருக்கும் கட்டடத்தில் இப்போது மூன்று டெலஸ்கோப்புகள் இருக்கின்றன. மூன்றும் பரண் மேல். மூன்றும் போனிலேயே பார்த்து, போனிலேயே பணம் கட்டி, அட்டைப் பெட்டியில் வந்து இறங்கியவை. வந்த வாரம் மொட்டை மாடியில் ஒரே திருவிழா. அடுத்த வாரம் என் வீட்டு மணி அடிக்கும். "ஆன்ட்டி, நீங்க இந்த லைன்லதானே இருந்தீங்க? இதுல ஒண்ணுமே தெரிய மாட்டேங்குது." போய்ப் பார்த்தால் கொசுக்கால் போல மெலிந்த மூன்று கால்கள், அவற்றின் மேல் ஒரு பிளாஸ்டிக் குழாய், பெட்டியில் ஐந்நூறு மடங்கு பெரிதாகத் தெரியும் என்று கொட்டை எழுத்து. எனக்கு ரத்தம் கொதிக்கும். வாங்கிய பிள்ளைகள் மேல் கோபமில்லை. விற்றவன் மட்டும் கையில் கிடைத்தால், என் பழைய மேனேஜர் பஞ்சாபகேசன் ஸார் முன்னால் கொண்டுபோய் நிறுத்துவேன். அவர் போய்ச் சேர்ந்து பல வருஷமாகிவிட்டது என்பதுதான் இடிக்கிறது.

கட்டடத்துத் தமிழ்க்காரர்கள் சேர்ந்து வருஷா வருஷம் ஒரு மலர் போடுகிறார்கள். "அந்தக் காலத்துல முதல் டெலஸ்கோப்பை எப்படித் தேர்ந்தெடுத்துக் கொடுத்தீங்க, அதை எழுதுங்களேன்" என்று கேட்டார்கள். கேட்டவர்கள் ஒரு பக்கம் போதும் என்றார்கள். அது அவர்கள் பாடு.

நான் மாதுங்காப் பெண். அப்பா ரயில்வேயில் குமாஸ்தா. அறுபதுகளின் தொடக்கத்தில் டைப்பும் ஷார்ட்ஹேண்டும் முடித்துப் பம்பாய்க் கோட்டைப் பகுதியில் ஒரு விஞ்ஞானக் கருவிக் கடையில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். காலேஜ்களுக்குத் தராசு, மைக்ராஸ்கோப், கண்ணாடிக் குடுவை என்று நாள் முழுக்க விலைப்புள்ளி அடிக்க வேண்டும். கடையின் பின்பக்கம், எந்நேரமும் ஒரு பல்பு எரிகிற கண்ணாடி அலமாரி இருந்தது. பம்பாய் மழையில் லென்ஸில் பூஞ்சை பிடித்துவிடும் என்பதால் அந்தச் சூடு. டெலஸ்கோப்புகளும் பைனாகுலர்களும் அதற்குள்தான் இருந்தன. டைப் அடித்துக்கொண்டே என் கண் அங்கேதான் போகும். அந்தப் பகுதியைப் பார்த்துக்கொண்ட விற்பனையாளர் நைரோபிக்கு வேலை கிடைத்துப் போனபோது, நேராக மேனேஜரிடம் போய், "ஸார், அந்த வேலையை நான் பார்க்கிறேன்" என்றேன்.

பஞ்சாபகேசன் ஸார் மூடிய கழுத்துக் கோட்டும், நெற்றியில் விபூதியும், கையில் பொடி டப்பியுமாக இருப்பவர். கடைக்கு வருகிறவர்களைக் கஸ்டமர் என்று ஒருநாளும் சொல்ல மாட்டார். "ஒரு பாவம் வந்திருக்கு, என்ன வேணும்னு கேளு" என்பார். என்னை மூக்குக்கண்ணாடி மேலாகப் பார்த்தார்.

"பொங்கல் வரைக்கும் பார்க்கலாம். அதுக்குள்ள நீ வித்தது ஒண்ணு திரும்பி வந்தாலும், பழையபடி மிஷின்ல போய் உட்கார்ந்துடணும். ஒண்ணுமே விக்காம இருந்தாலும் அதேதான். சம்மதமா?"

"சம்மதம் ஸார்."

மழைக்காலம் பூராவும் கடையில் ஈதான் ஓட்டினோம். அந்த மாதங்களில்தான் எனக்குப் பயிற்சி. டெலஸ்கோப்புக்குள் இருக்கும் ஆடிக் கண்ணாடியை எப்படிக் கழுவுவது, லென்ஸை ஏன் சேலைத் தலைப்பால் துடைக்கக் கூடாது, ஸ்குரூவை எந்த அளவோடு நிறுத்த வேண்டும் என்றெல்லாம் திட்டித் திட்டியே கற்றுக்கொடுத்தார். அதையெல்லாம் எழுதினால் மலர் தாங்காது. அவர் விற்கும் முறையை மட்டும் சொல்கிறேன்.

வருகிறவர் முதலில் கேட்பது, "இது எத்தனை மடங்கு காட்டும்?" இந்தக் கேள்விக்கு எங்கள் கடையில் பதில் கிடையாது. "ஆத்துல எங்கே வெச்சுப் பார்க்கப் போறேள்?" என்று ஸார் திருப்பிக் கேட்பார். பால்கனியா, மாடியா, எந்தத் திசை, எதிரே தெருவிளக்கு உண்டா என்று கேள்வி நீளும். அடுத்து, பிடித்த டெலஸ்கோப்பை அவரையே தூக்கச் சொல்லி, கடைக்குள் இருந்த மரப்படியில் ஏறி இறங்க வைப்பார். நானூறு மடங்குக்குக் குறைந்தால் வேண்டாம் என்று வந்த ஒரு புரொபசர் பாதிப் படியிலேயே நின்று மூச்சு வாங்கி, "பைனாகுலர் இருக்கா?" என்றார். ஸார் மகிழ்ந்துபோய் அவருக்குக் காப்பி வரவழைத்தார். பைனாகுலரில் தொடங்குகிறவன் கெட்டுப் போக மாட்டான் என்பது அவர் கட்சி.

மூன்றாவது, பொடிப் பரீட்சை. டெலஸ்கோப்பைத் தாங்கித் திருப்புகிற அடிப்பாகத்தை நாங்கள் மவுண்ட் என்போம். மேலே இருக்கிற குழாய்க்கு எல்லாரும் ஆசைப்படுவார்கள். மவுண்ட்டை எவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். கீழே ஆட்டம் இருந்தால் எத்தனை நல்ல லென்ஸும் வீண். நிலா கொதிக்கிற பாலில் கிடப்பதுபோல் துள்ளும். ஸார் வாசலுக்கு எதிரே தெரிந்த மணிக்கூண்டை நோக்கி டெலஸ்கோப்பை வைத்து, வாங்க வந்தவரைப் பார்க்கச் சொல்லி, குழாயை விரலால் ஒரு தட்டுத் தட்டுவார். பிறகு டப்பியைத் திறந்து ஒரு சிட்டிகை எடுத்து, இரண்டு மூக்கிலும் ஏற்றி, கைக்குட்டையால் துடைத்துக்கொள்வார். "நின்னுடுத்தா?" என்று கேட்பார். இன்னும் ஆடுகிறது என்றால் அந்த மவுண்ட் பெயில்.

கடைசி விதிதான் எங்கள் கடையைத் தவிர வேறெங்கும் கேள்விப்படாதது. பில் போடுவதற்கு முன், விற்கிறவர் வாங்குகிறவர் வீட்டுக்குப் போய் இடத்தைப் பார்த்துவிட்டு வர வேண்டும். முதலாளிக்கே இதில் வருத்தம். "முதல் டெலஸ்கோப் சரியா அமையலேன்னா அவன் அப்புறம் ஜன்மத்துக்கும் அண்ணாந்து பார்க்க மாட்டான். அந்தப் பாவம் நமக்கு வேண்டாம்" என்று ஸார் அவர் வாயையும் அடைத்துவிட்டார்.

மழை ஓய்ந்து தீபாவளி நெருங்கும்போது தங்கவேல் அண்ணாச்சி வந்தார். தாராவி மெயின் ரோட்டில் அரிசி, பருப்புக் கடை. ஊர் திருநெல்வேலிக்குத் தெற்கே. வெள்ளை வேட்டி, மடித்துவிட்ட சட்டைக் கை, தோளில் கொஞ்சம் தவிடு. வலது காலைச் சற்றே இழுத்து நடந்தார். உள்ளே வந்ததும் அலமாரியில் இருந்த பித்தளை டெலஸ்கோப் முன்னால் போய் நின்றுவிட்டார்.

"எம்மா, தமிழா? நல்லதாப் போச்சு. நான் சவுப்பாட்டிக் கடக்கரையில நெலாவைப் பாத்துட்டேம்மா. ஒருத்தன் குழா வச்சிக் காட்டுதான். அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியாக் கெடக்கு. அன்னையிலருந்து தராசுல நிக்க முடியல. கை எடை போடுது, மனசு மேல கெடக்கு. சனிக்கு வளையம் இருக்குங்காம்லா, அதையும் பாக்கணும். இந்தப் பித்தளைய எடுங்க."

அந்தப் பித்தளை டெலஸ்கோப் லென்ஸ் வகை. வெள்ளைக்காரத் துரை ஒருவர் ஊருக்குப் போகும்போது விற்றுவிட்டுப் போனது. வெளிநாட்டுச் சரக்கு அப்போது குதிரைக் கொம்பு. தங்கம் போல மின்னும். பார்க்கிறவர்கள் எல்லாம் அதில்தான் விழுவார்கள். எங்களிடம் இன்னொன்றும் இருந்தது. உள்ளூரிலேயே ஒருவர் கையால் தேய்த்த ஆடியை அடியில் வைத்து, சாம்பல் நிறம் பூசிய தடித்த குழாய். குர்லாப் பட்டறையில் வார்த்த இரும்பு மவுண்ட், ஆட்டுக்கல் மாதிரி அசையாது. அண்ணாச்சி அதை ஒரு பார்வை பார்த்தார்.

"இது என்ன, மழைத்தண்ணிக் குழாயா?"

பித்தளை டெலஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு மரப்படியில் ஏறி இறங்கினார். இழுத்து நடக்கிற காலோடு, முகம் பூராவும் சிரிப்பாக இறங்கினார். பொடிப் பரீட்சையில் அது தோற்றது. ஸார் தும்மியே முடித்துவிட்டார், மணிக்கூண்டு இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

"இந்த மவுண்ட் லண்டனுக்குச் சாய்ச்சது" என்றார் ஸார். "அவாளுக்குத் துருவ நட்சத்திரம் பாதி வானத்துக்கு மேலேயே நிக்கும். நமக்கு அது அடுத்த கட்டடத்து மாடிக்குப் பின்னால கிடக்கு. அந்தத் தாழ்வுக்கு இதைச் சாய்ச்சா, குடை சாய்ஞ்சுடும்."

"சாஞ்சா நான் புடிச்சிக்கிடுதேன் சாமி" என்றார் அண்ணாச்சி.

காதல் என்றால் இதுதான். ஸார் சிரித்துவிட்டு, "முதல்ல ஆத்தைப் பார்த்துண்டு வா" என்று என்னை அனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். கீழே கடை, மேலே வீடு, அதற்கு மேலே சின்னதாக ஒரு மொட்டை மாடி. இரும்புப் படி. மாடியில் மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. அண்ணாச்சியின் மனைவி பேச்சியம்மாள் என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருக்கலாம். தலைநிறையப் பூ, கையில் கலர் சோடா.

"குடி தாயி. அவுக ஏதோ மிஷினு வாங்கப் போறோம்னாக. எண்ணெய் ஆட்டுற மிஷினா?"

அண்ணாச்சி வீட்டில் சொல்லவே இல்லை என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் பேச்சை மாற்றி ஒரு சொம்பில் நிறையத் தண்ணீர் கேட்டேன். ரயில் பாதை பக்கத்தில் இருக்கிற வீட்டுக்கெல்லாம் இதுதான் எங்கள் சோதனை. சொம்பைத் தளும்பத் தளும்ப நிரப்பி மாடித் தரையில் வைத்து, லோக்கல் வருகிறவரை காத்திருக்க வேண்டும். வண்டி போகும்போது தண்ணீரில் அலை எழுந்தால் டெலஸ்கோப்பும் ஆடும். வண்டி வந்தது. அலை எழுந்தது.

"தண்ணில அப்படி என்ன பாக்குத?"

"வீடு ஆடுதான்னு பார்க்கிறேன் அக்கா."

"வீடு ஆடுனா எண்ணெய் மிஷினுக்கு என்ன?"

அண்ணாச்சிக்குப் பொய் வரவில்லை. "ஏட்டி, மிஷினு இல்ல. டெலஸ்கோப்பு. நெலா, வியாழன் எல்லாம் பாக்கலாம். சனி வளையத்தக்கூடப் பாக்கலாம்" என்று ஆசை ஆசையாகச் சொன்னார்.

பேச்சியக்கா சோடா பாட்டிலைக் கீழே வைத்தார். "எவனைப் பாக்கலாம்?"

"சனிய."

"அவுகளுக்கு மகர ராசி, தாயி" என்று என் பக்கம் திரும்பினார். "ஏழரை. தலைமேலயே உக்காந்திருக்கான். போன வருசம் லாரியில இருந்து மூட்டை சரிஞ்சு கால் முறிஞ்சு கெடந்தாக. பொழச்சு எந்திரிச்சது மறுபொறப்பு. அவன் அம்புட்டுத் தூரத்துல இருக்கும்போதே இந்தக் கதி. இதுல பெருசாக்கி, கிட்ட வேற இழுக்கணுமா?"

"ஏட்டி, அது ஒரு கோளு. வெறும் கல்லு, பனின்னு சொல்லுதாவ."

"கோயில்ல இருக்கதும் கல்லுதான். அதுக்கு முன்னால போயி நேரா நிப்பீகளா?"

அண்ணாச்சி என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சொம்பைப் பார்த்தேன். மாதுங்கா கோயிலில் நவக்கிரகம் சுற்றும்போது சனீஸ்வரன் முன்னால் வந்தால் நானும்தான் ஒதுங்கிப் பக்கவாட்டில் நின்று கும்பிடுகிறேன். அவன் பார்வை நேராக நம் மேல் படக்கூடாது என்று அம்மா பழக்கியது. அலமாரிக்குப் பக்கத்தில் நின்று விஞ்ஞானம் பேசுகிறவள்தான். கோயிலுக்குள் போனால் கால் தானாகவே விலகும்.

திங்கட்கிழமை ஸாரிடம் சொன்னேன். அவர் யோசிக்கவே இல்லை. "ஆத்துக்காரிக்குப் பயம்னா அது ஆத்துக்குள்ள போகப்படாது. போனா அவா தினமும் அழுவா. இவர் திருட்டுத்தனமா மாடி ஏறுவார். அப்புறம் பரண். விக்காதே."

"சனியை விட்டுட்டு மத்ததைப் பாருங்கோன்னு சொல்லிப் பார்க்கட்டுமா ஸார்?"

சொல்லிப் பார்த்தேன். அண்ணாச்சி நேர்மையான மனுஷர். "தலைக்கு மேல அது நிக்கும்போது பாக்காம இருப்பேன்னு சத்தியம் பண்ண முடியாதும்மா" என்று சொல்லிவிட்டார். அதன் பிறகு வாரத்துக்கு இரண்டு முறை கோட்டைப் பக்கம் வேலை இருப்பதுபோல வந்து, பித்தளையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுவிட்டுப் போனார். தீபாவளியும் போயிற்று. நான் ஒன்றும் விற்கவில்லை. என் டைப்ரைட்டர் மேல் போர்த்திய துணி என்னைப் பார்த்துச் சிரிப்பதுபோலவே எனக்குத் தோன்றும். உண்மையைச் சொன்னால் எனக்கு அழுகையாக வந்தது. அந்த அலமாரியை விட்டுவிட்டு மறுபடி "மதிப்பிற்குரிய ஐயா" என்று அடிக்க என்னால் ஆகாது என்று தெரிந்துபோயிற்று.

ஒரு மத்தியானம் கடை வாசலில் பேச்சியக்கா வந்து நின்றார். தனியாக. பட்டுச் சேலை கட்டி, குடை பிடித்து.

"அதுல அப்படி என்னதான் இருக்கு? நான் பாக்கணும்" என்றார். "மனுசன் சரியாச் சாப்பிட மாட்டேங்காக. தூக்கத்துல வளையம் வளையம்ங்காக. கால் முறிஞ்சப்பகூட மூஞ்சி இப்படி வாடல. எனக்குச் சனியப் பாத்தாலும் பயமா இருக்கு, இவுகளப் பாத்தாலும் பயமா இருக்கு."

ஸார் எழுந்து வந்தார். ஒருவர் பயத்தைச் சொல்லும்போது அவர் சிரிக்க மாட்டார். நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு பித்தளை டெலஸ்கோப்பை மணிக்கூண்டு பக்கம் திருப்பி, "பாருங்கோ" என்றார். பேச்சியக்கா கண்ணை வைத்தார். அடுத்த நொடி பின்னால் குதித்தார்.

"எம்மாடி! மூஞ்சிக்கு நேராவுல்ல வருது! ஆகாது, ஆகாது."

குடையை எடுத்துக்கொண்டு திரும்பினார். திரும்பும்போது முந்தானை அந்தச் சாம்பல் குழாயில் மாட்டியது. விடுவித்துக்கொண்டே கேட்டார்.

"இதுவும் அதுதானா? இதுல எங்க கண்ணு வைக்க? பின்னால ஓட்டையே இல்லியே."

"பின்னால இல்லை அக்கா. இதோ, பக்கத்துல" என்று குழாயின் மேல் பகுதியில் விலாப்புறமாக நீட்டிக்கொண்டிருந்த ஐபீஸைக் காட்டினேன். கண் வைத்துப் பார்க்கும் குட்டி லென்ஸ் அது.

"அப்ப குழா எந்தப் பக்கம் பாக்கும்?"

"குழாய் சனியைப் பார்க்கும். நீங்க குழாயைப் பார்த்து நிப்பீங்க."

பேச்சியக்கா குடையைக் கீழே வைத்தார். டெலஸ்கோப்பை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். குழாயின் வாய் எந்தப் பக்கம் என்று பார்த்தார். ஐபீஸ் அருகே போய் நின்றார். தன் தோள் எந்தப் பக்கம் இருக்கிறது, முகம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டார். பிறகு அந்த இடத்தில் நின்றபடியே இரண்டு கையையும் கூப்பி, நிற்பது சரியாக இருக்கிறதா என்று சோதித்தார். கடையில் இருந்த எல்லோரும் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள்.

"சாமி," என்றார் ஸாரிடம், "நான் இப்ப அவனுக்கு நேரா நிக்கனா, ஒதுங்கி நிக்கனா?"

"ஒதுங்கித்தான் நிக்கறேள். வெளிச்சம் உள்ளே போய் அடியில இருக்கிற ஆடியில பட்டு, மேலே வந்து, இந்தக் குட்டி ஆடியில திரும்பி, பக்கத்தால வெளியே வரும்."

"அப்ப நான் பாக்கது கண்ணாடியில விழுந்த ரூபத்தத்தான்? அவன் மூஞ்சிய நேராப் பாக்கல?"

"ஆமாம். அதுல பொய் கிடையாது. ஆனா தோஷம் உண்டா இல்லையான்னு என்னைக் கேட்காதீங்கோ. நான் கருவி விக்கறவன்."

"அது எனக்குத் தெரியும்" என்றார் பேச்சியக்கா. முகம் மலர்ந்துவிட்டது. "எங்க கோயில்ல நான் நிக்கிற எடம் இதுதான். வளையமும் பாத்துக்கிடலாம், மரியாதையும் கெடாது. இதையே குடுங்க."

இத்தனை நாளாக அந்த டெலஸ்கோப்பைத் துடைத்துத் துடைத்து வைத்தவள் நான். எத்தனையோ பேருக்கு அது பக்கவாட்டில் பார்ப்பது என்று விளக்கியவளும் நான். எனக்குத் தோன்றவில்லை. ஸாருக்கும் தோன்றவில்லை. சந்தோஷத்தில் பேச்சியக்காவைக் கட்டிக்கொண்டேன். ஸார் இரண்டு சிட்டிகை பொடி சேர்ந்தாற்போல் போட்டார்.

அண்ணாச்சிக்கு மட்டும் கொஞ்சம் துக்கம். மறுநாள் வந்து பித்தளையை ஒருதரம் தடவினார். "தண்ணிக் குழாயவா வாங்கணும்?" என்று முனகினார். ஸார் விடாமல் பொடிப் பரீட்சை வைத்தார். குழாயைத் தட்டி டப்பியைத் திறப்பதற்குள் மணிக்கூண்டு அசையாமல் நின்றுவிட்டது. அண்ணாச்சி கண்ணை எடுக்கவே இல்லை. "சாமி, மணிக்கூண்டு முள்ளுல காக்கா எச்சம் தெரியுது" என்றார். அதன் பிறகு தண்ணிக் குழாய் என்ற பேச்சே இல்லை.

ரயில் ஆட்டம் ஒன்று பாக்கி இருந்தது. அதற்கு வழி கண்டுபிடித்தவர் அண்ணாச்சி. "கடையில சாக்குக்கா பஞ்சம்?" என்று பழைய கோணிகளை நாலாக மடித்து மவுண்ட்டின் ஒவ்வொரு காலுக்கும் கீழே வைத்தார். சொம்புத் தண்ணீரைக் கோணி மேல் வைத்து லோக்கலுக்குக் காத்திருந்தோம். அலை எழுந்தது, ஆனால் உடனே அடங்கியது. ஸாருக்கு அது ரொம்பப் பிடித்துப்போய், அதன் பிறகு பரேல், தாதர், வடாலா என்று ரயிலோரத்து ஆட்கள் யார் வந்தாலும் "முதல்ல கோணி வாங்குங்கோ" என்று சொல்லத் தொடங்கினார்.

நாள் குறித்தது பேச்சியக்கா. சனிக்கிழமையே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். கார்த்திகை மாதம், வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. ஸாரும் வருகிறார் என்பதால் நான் ராத்திரி போவதற்கு அப்பாவும் சரி என்றார். கடை மூட்டைக்காரர்கள் டெலஸ்கோப்பை மாடிக்கு ஏற்றினார்கள். மூடிய கோட்டோடு ஸார் இரும்புப் படியில் ஏறியதைப் பார்க்கத் தெருவே கூடியது. நாங்கள் போனபோது பேச்சியக்கா தலைக்குக் குளித்து ஈரக் கூந்தலை முடிந்து, கோயிலில் எள் விளக்குப் போட்டுவிட்டு வந்திருந்தார்.

பொழுது சாய்ந்து இருட்டுகிற நேரம். கிழக்கே வியாழன் பளிச்சென்று நின்றது. முதலில் அதைக் காட்டினேன். வியாழன் குரு அல்லவா, அவரை யாரும் எப்படியும் பார்க்கலாம். அதன் பக்கத்தில் நாலு பொட்டு நிலாக்கள் வரிசையாக நிற்பதைப் பார்த்துவிட்டு அண்ணாச்சி பக்கத்து மாடிக்காரரை எல்லாம் கூப்பிட ஆரம்பித்தார். பிறகு ஸார் குழாயைத் தென்மேற்கே திருப்பி, கண் வைத்து, நிதானமாகக் குமிழைத் திருகினார். ஒதுங்கிக்கொண்டு, "கிடைச்சாச்சு" என்றார்.

அண்ணாச்சி ஓடி வந்தார். பேச்சியக்கா கையை நீட்டித் தடுத்தார்.

"நான் மொதல்ல பாக்கேன்."

"ஏட்டி, உனக்குத்தான் பயம்லா?"

"அதுக்குத்தான். ஏதாச்சும் ஆகணும்னா எனக்கு ஆகட்டும். நீங்க பொறவு பாருங்க."

அண்ணாச்சி இரண்டடி பின்னால் நகர்ந்தார். அந்த அம்மாள் டெலஸ்கோப்புக்குப் பக்கத்தில் போய், தோளை ஒதுக்கி, கையைக் கூப்பி, கண்ணைக் கொண்டுபோய் வைத்தார். இது நான் விற்ற முதல் டெலஸ்கோப் என்பதெல்லாம் அந்த நிமிஷம் நினைவில் இல்லை. பயந்துகொண்டிருக்கிற ஒரு மனுஷி பயத்தோடேயே போய்ப் பார்க்கிறாளே என்பதுதான் நினைவில் இருந்தது.

கண்ணை எடுக்கவே இல்லை. லோக்கல் ஒன்று போனது, அப்போதும் எடுக்கவில்லை. பிறகு முகத்தை லேசாகத் திருப்பி, ஐபீஸுக்குக் கிட்டத்தில் வாயைக் கொண்டுபோய், மெல்ல ஏதோ சொன்னார். போனில் பேசுவதுபோல. லென்ஸில் மூச்சுப் படுவதை ஸாரால் சகிக்கவே முடியாது, காலேஜ் பிரின்சிபாலையே அதற்காக அதட்டியவர். அன்றைக்கு வியாழன் இருந்த பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஐபீஸில் படிந்த ஆவி போகும்வரை காத்திருந்து அண்ணாச்சி பார்த்தார். பார்த்து, "ஏ அய்யா" என்றார். அவ்வளவுதான். சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார், மறுபடி பார்த்தார். அதற்குள் இரும்புப் படியில் தாராவி பாதி ஏறி நின்றது. எல்லாரையும் பக்கவாட்டில் நிற்க வைத்து, செருப்பைக் கழற்றச் சொல்லி, வரிசை ஒழுங்குபடுத்தியது பேச்சியக்காதான்.

ஸார் என் பக்கத்தில் வந்தார். "புதுசா ஒரு டைப்பிஸ்ட் பார்க்கணும். உனக்குத் தெரிஞ்ச பொண்ணு யாராவது இருந்தா சொல்லு" என்றார். நான் தலையை ஆட்டினேன். அந்தக் கடையில் அதன் பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் நின்றேன். பின்னால் அவர் நாற்காலியிலேயே உட்கார்ந்தேன்.

கிளம்பும்போது பேச்சியக்கா வாழைப்பழமும் வெற்றிலை பாக்கும் கொடுத்து வாசல்வரை வந்தார். எனக்கு அடக்க முடியவில்லை. கேட்டுவிட்டேன்.

"அக்கா, அங்கே அவன்கிட்ட என்ன வேண்டிக்கிட்டீங்க?"

பேச்சியக்காவுக்கு வெட்கம் வந்துவிட்டது. முந்தானையால் வாயை மூடிச் சிரித்தார்.

"எங்க வீட்டுக்காரவுகள விட்டுருன்னு கேக்கணும்னுதான் தாயி போனேன். ரெண்டு நாளா மனப்பாடம் பண்ணி வச்சிருந்தேன். பாத்தா, அம்புட்டு இருட்டுல ஒத்தையா, இத்தினிக்கானம் வளையத்தப் போட்டுக்கிட்டு, சின்னப் புள்ள மாதிரி நிக்கான். எனக்குக் கேக்க வந்ததெல்லாம் மறந்து போச்சு. 'சாப்பிட்டியாய்யா'ன்னு மட்டும் கேட்டுட்டு வந்துட்டேன்."